கார்பன், கிராஃபைட் கொள்முதல்: விசாரணைக் கடிதத்தைச் செம்மையாக வரைவது எப்படி?

தொழில் நிறுவனங்கள் நடைமுறை மூலதனக் கடனுக்கோ கடன் உறுதிக் கடிதத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, விற்பனையாளர்களிடம் பெற்ற விலைப்புள்ளிகளையும் உடன் இணைக்கின்றன. கார்பன், கிராஃபைட் பொருள்களைப் பொறுத்தவரை, இந்த இணைப்புகளில் ஒரு முரண்பாட்டை நாங்கள் காண்பதுண்டு. ஒரே பொருளுக்கு மூவர் விலை தந்திருப்பர். ஒருவரது விலை மற்றொருவரது விலையைப் போல் இரு மடங்காக இருக்கும். வாங்குபவர் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்திருப்பார். அதற்கான காரணத்தைக் கேட்டால், 'விலை குறைவு' என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை.

விற்பனையாளர்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தைப் படித்தால் முரண்பாட்டின் காரணம் விளங்கிவிடும். 'உயர்தர கிராஃபைட் கட்டை, 200 கிலோ, உடனடித் தேவை, விலை தெரிவிக்கவும்' என்ற ஒரு வரியே அதில் இருக்கும். அந்த வரியை மூவரும் மூன்று விதமாகப் பொருள் கொண்டு, மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு விலை கூறியிருக்கின்றனர். ஒப்பிட இயலாதவற்றை ஒப்பிட்டு முடிவு செய்தால் விளைவு என்னவாகும்? பொருள் வந்து சேர்ந்து, உலையில் ஏறி, பாதி நாளில் விரிசல் கண்ட பிறகே தவறு தெரியவரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

விசாரணையில் கேட்கப்படாத தன்மை விலைப்புள்ளியில் இடம்பெறுவதில்லை. விலைப்புள்ளியில் இல்லாதது கொள்முதல் ஆணையிலும் ஏறுவதில்லை. ஆணையில் இல்லாத ஒன்றை வங்கியின் கடன் உறுதிக் கடிதமும் காக்க இயலாது. ஆகவே கொள்முதலின் பாதுகாப்பு, ஒரு ரூபாயும் செலவாகாத முதற் கடிதத்திலேயே தொடங்குகிறது. அக்கடிதத்தை வரையும் முறையை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

பெயர் ஒன்று, பொருள் பல

பெட்ரோலியக் கோக்கைப் பொடித்து, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பிசினோடு கலந்து, உருக்கொடுத்து, காற்றுப் படாமல் ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியசில் சுட்டால் கிடைப்பது கார்பன். அதனையே மின்சார உலையில் 2,600 முதல் 3,000 டிகிரி வரை சூடேற்றினால், உள்ளிருக்கும் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபெற்றுக் கிராஃபைட்டாக மாறுகின்றன. அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் செயற்கைக் கிராஃபைட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1896-ஆம் ஆண்டில். கார்பன் கடினமானது, மின்சாரத்தையும் வெப்பத்தையும் குறைவாகவே கடத்தும். கிராஃபைட் மென்மையானது, கடைசல் எந்திரத்தில் எளிதில் வேலைக்கு வரும், மின்சாரத்தைப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும். இரண்டும் கறுப்பாகவே இருப்பதால் கண்ணால் பிரித்தறிய முயல்வது தவறு.

கிராஃபைட்டுக்குள்ளேயும் உருக்கொடுக்கும் முறையால் வகைகள் பிரிகின்றன. துளை வழியே பிதுக்கித் தள்ளி உருவாக்குவது ஒரு முறை. வில் உலைகளுக்கான நீண்ட எலெக்ட்ரோடுகள் இவ்வாறே தயாராகின்றன. அச்சில் இட்டு ஒரு திசையில் அழுத்துவதும், அதிரவைத்து இறுகச் செய்வதும் வேறு முறைகள். நீர்ம அழுத்தத்தால் எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கி உருவாக்குவது ஐசோஸ்டேட்டிக் முறை. பிதுக்கிய கிராஃபைட்டின் துகள்கள் ஒரு மில்லிமீட்டர் அளவிலும் இருக்கக்கூடும். ஐசோஸ்டேட்டிக் கிராஃபைட்டின் துகள்களோ சில மைக்ரான் முதல் 20 மைக்ரான் வரையிலான நுண்மை உடையவை. முந்தையதில் நீளவாட்டுத் தன்மை வேறு, குறுக்குவாட்டுத் தன்மை வேறு. பிந்தையதில் எத்திசையிலும் தன்மை ஏறக்குறைய ஒன்றே. விலையில் காணும் இடைவெளிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே 'உயர்தரம்' என்ற சொல்லுக்கு இத்துறையில் பொருளே இல்லை. ஒரு வேலைக்கு உயர்ந்தது இன்னொரு வேலைக்கு வீண் செலவாகலாம். எஃகு உருக்கும் வில் உலைக்கு நுண்துகள் கிராஃபைட் தேவையில்லை. நுண்ணிய அச்சுகளைப் பொறித்தெடுக்கும் மின்பொறி அரிப்பு எந்திரத்துக்குப் பெருந்துகள் கிராஃபைட் உதவாது.

முதலில் வேலையைச் சொல்லுங்கள்

விசாரணைக் கடிதத்தின் முதற் பகுதி, பொருள் எங்கே, எவ்வாறு பயன்படப் போகிறது என்பதைக் கூற வேண்டும். வணிக மறையைக் காக்கும் எண்ணத்தில் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். உற்பத்தி அளவையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்துக்கொள்ளலாம். பயனை மறைத்தால் விற்பவரின் அறிவு நமக்குக் கிட்டாமல் போகும். அத்துடன், 'இவ்வேலைக்கு இப்பொருள் பொருந்தும்' என்று அவர் உறுதியளிக்க வேண்டிய பொறுப்பும் நீங்கிவிடும்.

கூற வேண்டியவை ஆறு: வேலை செய்யும் வெப்பநிலை, சூழல் காற்றா, வெற்றிடமா, மந்த வாயுவா என்பது, தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் அல்லது வேதிப்பொருள், பாயும் மின்னோட்டம், தாங்க வேண்டிய சுமையும் உராய்வும், இப்போது பயன்படும் பொருளின் ஆயுளும் அது பழுதாகும் விதமும்.

இவற்றுள் சூழல் மிக முக்கியமானது. வெற்றிடத்திலும் மந்த வாயுவிலும் 2,000 டிகிரிக்கு மேலும் உறுதி குலையாத கிராஃபைட், காற்றில் 450 டிகிரியைத் தாண்டும்போதே கண்கூடாக எரிந்து தேயத் தொடங்கும். 'வெப்பநிலை 900 டிகிரி' என்று மட்டும் எழுதினால் போதாது. '900 டிகிரி, திறந்த காற்றில்' என்று எழுதினால்தான், எரிதலைத் தடுக்கும் பூச்சோ ஊட்டமோ தேவை என்பதை விற்பவர் கூறுவார்.

பழுதாகும் விதமும் அதே அளவுக்குப் பயனுள்ள செய்தி. தேய்ந்து போகிறதா, விரிசல் விடுகிறதா, எரிந்து மெலிகிறதா, உலோகம் துளைகளுக்குள் ஊடுருவுகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பழைய துண்டின் ஒளிப்படம் இரண்டை இணைப்பது ஒரு பக்க விளக்கத்தைவிட மேலானது.

பொருளுக்கு ஏற்பக் கேட்கும் முறை

வில் உலை எலெக்ட்ரோடு: நம் நாட்டில் போபாலை அடுத்த மண்டிதீப், மேற்கு வங்கத்தின் துர்காபூர், மகாராஷ்டிரத்தின் நாசிக் ஆகிய இடங்களில் இவை பெருமளவில் தயாராகின்றன. சாதாரணத் திறன், உயர் திறன், மீயுயர் திறன் என வகைகள் உண்டு. உலை மின்மாற்றியின் திறன், எலெக்ட்ரோடின் விட்டம், நீளம், ஒரு எலெக்ட்ரோடில் பாயும் மின்னோட்டம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இரு எலெக்ட்ரோடுகளை இணைக்கும் நிப்பிளின் அளவும், அங்குலத்துக்கு 3 புரியா 4 புரியா என்பதும் விடுபடக் கூடாது. இவ்வளவுகளுக்கு ஐ.இ.சி. 60239 என்னும் பன்னாட்டுத் தரம் உள்ளது. அத்தர எண்ணைச் சுட்டினால் பொருந்தாத புரியால் வரும் இழப்பைத் தவிர்க்கலாம்.

கார்பன் ரைசர்: ராஜ்கோட், கோலாப்பூர், பெலகாவி, கோயம்புத்தூர், ஹவுரா முதலிய இடங்களின் வார்ப்பாலைகள் உருகிய இரும்பில் கரிமத்தைக் கூட்டுவதற்காக வாங்கும் துகள் பொருள் இது. நிலைக் கார்பன், சாம்பல், கந்தகம், நைட்ரஜன், ஈரப்பதம், துகள் அளவு ஆகிய ஆறுக்கும் எல்லை கேட்க வேண்டும். எஸ்.ஜி. இரும்பு வார்ப்போர் கந்தகத்தில் கூடுதல் விழிப்போடு இருத்தல் வேண்டும். கந்தகம் மிகுந்தால், இரும்பில் சேர்க்கும் மக்னீசியம் அதனோடு கூடி வீணாகும். நைட்ரஜன் மிகுந்தால் வார்ப்பில் துளைகளும் பிளவுகளும் தோன்றலாம்.

மூசை: எந்த உலோகம், எவ்வளவு எடை என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுக. 100 கிலோ பித்தளை கொள்ளும் மூசை, அலுமினியத்தில் ஏறத்தாழ 30 கிலோ மட்டுமே கொள்ளும். உலை எண்ணெயில் எரிவதா, எரிவாயுவிலா, இண்டக்ஷன் முறையா என்பதும் தேவை. களிமண் கலந்த மூசைகள் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான மூசையைத் திடீரெனச் சூடாக்கினால் வெடிக்கும். எனவே சிப்பமிடும் முறையையும் முதற் சூடேற்றும் முறையையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

கார்பன் பிரஷ்: பழைய பிரஷ்ஷில் பொறித்திருக்கும் தரக்குறி, மூன்று அளவுகள், மோட்டாரின் மின்னழுத்தம், மின்னோட்டம், சுழல்வேகம், கம்பி இணைப்பின் வகை ஆகியவை வேண்டும். ஒரே எந்திரத்தில் இரு தரங்களைக் கலந்து பொருத்தினால் மின்னோட்டம் சமமாகப் பகிரப்படாது. ஆகவே ஒரு முழுத் தொகுதிக்கும் ஒரே தரம் என்று கேட்க வேண்டும்.

எண்ணோடு சோதனை முறையையும் கேளுங்கள்

விற்பனை ஏடுகளில் காணும் எண்கள் பெரும்பாலும் 'மாதிரி மதிப்புகள்'. அவை சராசரியைக் காட்டுபவை. நமக்கு வரும் கட்டையைப் பற்றி உறுதி எதுவும் கூறாதவை. விசாரணையில் 'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்' என்ற சொற்களை இட்டே ஒவ்வொரு எண்ணையும் கேட்க வேண்டும். 'பரும அடர்த்தி 1.80' என்பது ஒரு விருப்பம் மட்டுமே. 'பரும அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் குறைந்தபட்சம் 1.80 கிராம்' என்பது நிபந்தனை.

எண்ணோடு சோதனை முறையும் சேர வேண்டும். வளைவு வலிமையை மூன்று முனைத் தாங்கலில் அளந்தால் பொதுவாகக் கூடுதலாகவும், நான்கு முனைத் தாங்கலில் அளந்தால் குறைவாகவும் வரும். பொருள் ஒன்றே, எண்கள் இரண்டு. அமெரிக்கச் சோதனைத் தரங்களுள் பரும அடர்த்திக்கு ஏ.எஸ்.டி.எம். சி 559, சாம்பலுக்கு சி 561, மின்தடைத் திறனுக்கு சி 611, நான்கு முனை வளைவு வலிமைக்கு சி 651 ஆகியவை வழக்கில் உள்ளன. எல்லா விற்பனையாளரிடமும் ஒரே முறையில் அளந்த எண்ணையே கேட்டால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். பிதுக்கியோ அச்சில் அழுத்தியோ செய்த பொருளாயின், எந்தத் திசையில் அளந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏட்டில் கண்ட பத்துப் பன்னிரண்டு தன்மைகளையும் அப்படியே எடுத்தெழுதி, எல்லாவற்றையும் நிபந்தனையாக்குவது அது. தேவையற்ற ஒவ்வொரு நிபந்தனைக்கும் விலை உண்டு. வேலையோடு நேரடித் தொடர்புள்ள மூன்று அல்லது நான்கு தன்மைகளைக் கட்டாயமாக்கி, மற்றவற்றைத் 'தகவலுக்காகத் தெரிவிக்கவும்' என்று எழுதுதலே சிறப்பு.

விலையை எந்த அலகில் கேட்பது?

கிராஃபைட்டைக் கிலோ கணக்கில் விலை கேட்பது நெடுநாள் வழக்கம். வேலை முடித்த பொருளுக்கு அது பொருந்தாது. கட்டையில் பாதி கடைசலில் துகளாகிப் போகும்போது, எந்த எடைக்கு விலை என்பதில் பிணக்கு எழும். வரைபடப்படி முடித்த பொருளுக்கு எண்ணிக்கையிலும், மூலக் கட்டைக்கு அளவும் எண்ணிக்கையும் சேர்த்தும், துகளுக்கு எடையிலும் விலை கேட்க வேண்டும்.

ஒப்பிடும்போது அந்த அலகையும் தாண்டிச் செல்க. கணக்கை விளக்க மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஜாம்நகரில் பித்தளைக் கம்பியைத் தொடர் வார்ப்பு முறையில் வார்க்கும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். 6,000 ரூபாய் விலையுள்ள அச்சு 8 டன் வார்த்தபின் தேய்ந்துவிடுகிறது. 9,000 ரூபாய் விலையுள்ள அச்சு 15 டன் வரை தாங்குகிறது. முதலாவதில் டன்னுக்கு 750 ரூபாய் செலவு. இரண்டாவதில் 600 ரூபாய். அச்சை மாற்ற உலையை நிறுத்தும் நேரத்தையும் கூட்டினால் வேறுபாடு இன்னும் பெருகும். 'மலிவான' அச்சே விலை உயர்ந்தது.

கார்பன் ரைசருக்கும் இவ்வாறே. 98 விழுக்காடு நிலைக் கார்பன் உள்ள பொருள் கிலோ 60 ரூபாய். அதன் கார்பனில் 90 விழுக்காடு இரும்பில் சேர்கிறது என்க. 92 விழுக்காடு உள்ள பொருள் கிலோ 54 ரூபாய். அதில் 80 விழுக்காடு சேர்கிறது என்க. இரும்பில் சேர்ந்த ஒரு கிலோ கரிமத்துக்கு முதலாவதில் ஏறத்தாழ 68 ரூபாயும், இரண்டாவதில் ஏறத்தாழ 73 ரூபாயும் ஆகின்றன. இக்கணக்கைப் போட வேண்டுமானால் நிலைக் கார்பனும் சேர்மான அளவும் நமக்குத் தெரிய வேண்டும். முதலாவதை விசாரணையில் கேட்டுப் பெறலாம். இரண்டாவதை நம் உலையிலேயே சிறு அளவில் சோதித்து அறியலாம். ஆகவே ஒவ்வொரு விசாரணையிலும் சோதனைத் தொகுதிக்கும் முழுத் தொகுதிக்கும் தனித்தனியே விலை கேட்பது நன்று.

விலை செல்லுபடியாகும் நாளையும் கேட்டுப் பெறுக. 2017-ஆம் ஆண்டில் சீனாவில் சுற்றுச்சூழல் கட்டுப்பாடுகள் இறுகியதும், தரமற்ற எஃகு உருக்கிய இண்டக்ஷன் உலைகள் மூடப்பட்டதும் சேர்ந்து, உலகெங்கும் கிராஃபைட் எலெக்ட்ரோடு விலையைச் சில மாதங்களில் பன்மடங்கு உயர்த்தின. அப்படிப்பட்ட வேளையில் காலவரையற்ற விலைப்புள்ளி யாருக்கும் பாதுகாப்பு அளிப்பதில்லை.

இறக்குமதியாயின் கூடுதலாகக் கேட்க வேண்டியவை

முதலாவது, சுங்க வகைப்பாடு. கிராஃபைட் என்ற ஒரே பெயர் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. இயற்கைக் கிராஃபைட் 2504, செயற்கைக் கிராஃபைட்டும் அதன் கட்டைகளும் 3801, மின்சாரப் பயனற்ற கார்பன், கிராஃபைட் பொருள்கள் 6815, மூசைகள் 6903, எலெக்ட்ரோடுகளும் பிரஷ்களும் 8545. கட்டையாக வாங்குவதா, முடித்த பொருளாக வாங்குவதா என்பதைப் பொறுத்துத் தலைப்பும் வரியும் மாறும். விற்பவரிடம் அவர் கருதும் குறியீட்டைக் கேளுங்கள். அதனை உங்கள் சுங்க முகவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். பொருள்குவிப்புத் தடுப்பு வரி நடப்பில் உள்ளதா என்பதையும் அப்போதே அறிந்துகொள்க.

இரண்டாவது, ஏற்றுமதி உரிமம். 2023 டிசம்பர் 1 முதல், 99.9 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தூய்மை, 30 மெகா பாஸ்கலுக்கு மேற்பட்ட வளைவு வலிமை, 1.73-க்கு மேற்பட்ட அடர்த்தி ஆகிய மூன்றும் அமைந்த செயற்கைக் கிராஃபைட்டைச் சீனா உரிமத்தின் பேரிலேயே ஏற்றுமதி செய்ய அனுமதிக்கிறது. ஐசோஸ்டேட்டிக் வகைகள் பல இந்த வரையறைக்குள் அடங்கும். உரிமத்துக்கு வாங்குபவரின் இறுதிப் பயன் சான்று தேவைப்படும். இவ்விதிகள் மாறக்கூடியவை. ஆகவே, 'உரிமம் தேவையா, எத்தனை நாள் ஆகும், மறுக்கப்பட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்?' என்று விசாரணையிலேயே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, காப்பீடு. இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி, சி.ஐ.எஃப். விலையில் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடான சரக்குக் காப்பீட்டு விதி 'சி' மட்டுமே. கையாளும்போது நேரும் உடைவு அதில் அடங்காது. கிராஃபைட்டோ விழுந்தால் உடைவது. ஓரம் சிதைந்தாலே அச்சு பயனற்றதாகிவிடும். எனவே சி.ஐ.எஃப். முறையில் விலை கேட்கும்போது, 'உடைவை உள்ளடக்கிய விதி ஏ காப்பீட்டுடன்' என்று சேர்த்துக் கேளுங்கள். அல்லது காப்பீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கி எதைப் பார்க்கும், எதைப் பாராது?

பல வாடிக்கையாளர்கள் கடன் உறுதிக் கடிதத்தைத் தரத்துக்கான உறுதி என்று எண்ணுகின்றனர். 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யூ.சி.பி. 600 விதிகளின் 5-ஆம் பிரிவு, வங்கிகள் ஆவணங்களையே கையாளுகின்றன, சரக்கை அல்ல என்று கூறுகிறது. பெட்டிக்குள் கிராஃபைட் இருக்கிறதா, கரித்துண்டு இருக்கிறதா என்பதை வங்கி திறந்து பார்ப்பதில்லை.

அதே விதிகளின் 14-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. ஒரு நிபந்தனையை எழுதிவிட்டு, அதனை மெய்ப்பிக்கும் ஆவணம் எது என்று குறிக்காவிட்டால், அந்நிபந்தனை எழுதப்படாததாகவே கொள்ளப்படும். 'பரும அடர்த்தி 1.80-க்குக் குறையக் கூடாது' என்று கடன் உறுதிக் கடிதத்தில் எழுதிவைத்துப் பயனில்லை. 'பரும அடர்த்தி 1.80-க்குக் குறையவில்லை என்று காட்டும், இன்ன சோதனை நிலையம் வழங்கிய, தொகுதி எண்ணுடன் கூடிய சோதனைச் சான்று' என்று எழுதினால்தான், அச்சான்று வராதபோது வங்கி பணம் தர மறுக்க முடியும். யார் வழங்க வேண்டும் என்பதையும் குறிக்காவிட்டால், விற்பவரே தாமாக எழுதித் தந்த சான்றும் ஏற்கப்படலாம்.

அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. 30-ஆம் பிரிவின்படி, எடையில் குறித்த சரக்கு 5 விழுக்காடு கூடியோ குறைந்தோ வரலாம். மொத்தத் தொகை மட்டும் கடிதத்தின் தொகையை மீறக் கூடாது. எண்ணிக்கையில் குறித்தால் இந்தச் சலுகை இல்லை. 40 அச்சு என்றால் 40 அச்சேதான்.

இந்த ஆவணங்களைத் தர முடியுமா என்பதை விற்பவரிடம் விசாரணைக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். புரொஃபார்மா இன்வாய்ஸ் வந்தபின் கேட்டால், 'இதற்குத் தனிக் கட்டணம்' என்ற விடையே வரும்.

உள்நாட்டுச் சிறு நிறுவனத்திடம் வாங்கினால்

விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாயின், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் பொருந்தும். தவணை எழுத்தில் உடன்படப்பட்டிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாமதித்தால், வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். பொருள் வந்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். எனவே உத்யம் பதிவு எண்ணை விசாரணையிலேயே கேட்டுக்கொள்க. பொருள் வந்ததும் அளவு, எடை, அடர்த்தி ஆகியவற்றைச் சோதிக்க ஆயத்தமாக இருங்கள். கடைந்த உருளையொன்றின் பரும அடர்த்தியை அறிய ஒரு நல்ல தராசும் வெர்னியரும் போதும்.

மாதிரி விசாரணைக் கடிதம்

மேலே கூறிய பித்தளை வார்ப்பு நிறுவனம் தன் கடிதத்தை இவ்வாறு அமைக்கலாம்:

ஐயா,

கீழ்க்கண்ட பொருளுக்குத் தங்கள் விலைப்புள்ளியை 15 நாள்களுக்குள் அனுப்பக் கோருகிறோம்.

1. பொருள்: பித்தளைக் கம்பித் தொடர் வார்ப்புக்கான கிராஃபைட் அச்சு. இணைத்துள்ள வரைபடத்தின்படி, அதில் காட்டிய அளவு விலக்கத்துக்குள், உட்துளை மெருகிட்டு முடித்தது.

2. பயன்: உருகிய பித்தளை, ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ். அச்சின் வெளிப்புறம் நீரால் குளிரும் செப்பு உறையுள் பொருந்தும். இப்போதைய அச்சு 8 டன் வார்த்தபின் உட்துளை தேய்ந்து, கம்பியின் மேற்பரப்பில் கீறல் விழுகிறது. ஒளிப்படம் இணைப்பில்.

3. கட்டாயத் தன்மைகள்: ஐசோஸ்டேட்டிக் முறையில் உருவாக்கியது, சராசரித் துகள் அளவு அதிகபட்சம் 15 மைக்ரான், பரும அடர்த்தி குறைந்தபட்சம் 1.80, ஏ.எஸ்.டி.எம். சி 559 முறையில். வளைவு வலிமை குறைந்தபட்சம் 40 மெகா பாஸ்கல், ஏ.எஸ்.டி.எம். சி 651 முறையில்.

4. தகவலுக்கு: சாம்பல் அளவு, வெப்பக் கடத்துதிறன், கடினத்தன்மை, மூலக் கட்டையை உருவாக்கியவர் பெயர், தரக்குறி.

5. அளவு: சோதனைக்கு 4 எண்ணம், சோதனை நிறைவளித்தால் மேலும் 36 எண்ணம். இரண்டுக்கும் தனித்தனி விலை தருக.

6. ஆவணங்கள்: தொகுதி எண்ணுடன் கூடிய சோதனைச் சான்று, சான்று வழங்குபவர் யார் என்ற விவரத்துடன், அளவுச் சோதனை அறிக்கை.

7. சிப்பம்: ஒவ்வொரு அச்சும் தனித்தனியே நுரைத் தாளில் சுற்றி, ஈரம் புகாதவாறு மரப்பெட்டியில்.

8. விலை: எங்கள் தொழிற்கூடம் வரையிலான விலை, வரிகள் தனியே, இறக்குமதியாயின் சி.ஐ.எஃப். விலை, விதி ஏ காப்பீட்டுடன். எச்.எஸ்.என். குறியீடு, விலை செல்லுபடியாகும் நாள், ஏற்றுமதி உரிமத் தேவை, வழங்கும் காலம், உத்யம் பதிவு இருப்பின் அதன் எண் ஆகியவற்றையும் குறிப்பிடுக.

9. உறுதி: மேற்கண்ட பயனுக்குத் தாங்கள் தரும் பொருள் பொருந்தும் என்பதையும், சான்றில் கண்ட தன்மைக்கு மாறுபட்டால் மாற்றித் தரும் காலத்தையும் தெரிவிக்கவும்.

10. விலகல்: எந்த நிபந்தனையை நிறைவேற்ற இயலாதோ அதனைத் தனியே பட்டியலிட்டுத் தருக. பட்டியல் இல்லையேல் அனைத்தும் ஏற்கப்பட்டதாகக் கொள்வோம்.

இப்படிவத்தில் உள்ள எண்கள் விளக்கத்துக்கானவை. உங்கள் வேலைக்குரிய எண்களை உங்கள் தொழில்நுட்பரோடு கலந்து முடிவு செய்க. பத்தாம் எண்ணை மட்டும் எந்தக் கடிதத்திலும் விட்டுவிடாதீர்கள். நேர்மையான விற்பனையாளர் தம்மால் இயலாததை அங்கே சொல்லிவிடுவார். அந்த ஒரு பட்டியலே மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிடத்தக்கவையாக மாற்றும்.

பயிற்சி வினாக்கள்

1. சென்ற ஆண்டு நீங்கள் அனுப்பிய ஒரு விசாரணைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேலைக்குரிய ஆறு செய்திகளில் எத்தனை அதில் உள்ளன?

2. உங்கள் கிராஃபைட் செலவைக் கிலோவுக்கு அன்றி, உற்பத்தியாகும் ஒரு டன் பொருளுக்குக் கணக்கிட்டால் எவ்வளவு வருகிறது?

3. உங்கள் கடன் உறுதிக் கடிதத்தில், மெய்ப்பிக்கும் ஆவணம் குறிக்கப்படாத நிபந்தனை ஏதேனும் உள்ளதா?

4. அண்மையில் வந்த சரக்கை 15 நாள்களுக்குள் சோதித்தீர்களா? குறை கண்டபோது அதனை எழுத்தில் தெரிவித்தீர்களா?

மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்பது உங்கள் விடையானால், அடுத்த கடன் உறுதிக் கடிதம் திறப்பதற்கு முன் வரைவோடு கிளைக்கு வாருங்கள். கடிதம் திறக்கப்பட்ட பிறகு அதில் ஒரு சொல்லை மாற்றவும் விற்பவரின் இசைவு வேண்டும். வரைவாக இருக்கும்போது பேனா ஒன்றே போதும்.